ஆய்வேட்டோடு முடங்கிய அளவீடுகளைப் பொதுவில் வைத்தோம்

எங்கள் துறையில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அந்த ஏரி நீரை அளந்திருக்கிறார். பிஎச், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட் என்று பக்கம் பக்கமாக எண்கள். ஆய்வேட்டில் சராசரியும் திட்டவிலக்கமும் மட்டும் அச்சாகும். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் மூலக் கோப்பு அந்த மாணவரின் மடிக்கணினியோடு வெளியே போய்விடும். அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஏரி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மாற்றத்தைக் காட்டக்கூடிய எண்களும் இருந்திருக்கின்றன. ஆனால் அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்க யாருக்கும் வழியில்லை.

இதை மாற்றுவதற்காக முதுகலை மாணவர்கள் சிலர் சேர்ந்து செய்த வேலையின் பதிவு இது. பழைய ஏரிக் கோப்புகளைத் தேடிச் சேர்த்தோம். கூரையில் ஒரு காற்றுத்தர நிலையமும் ஏரியில் ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவியும் நிறுவினோம். இவை எல்லாவற்றின் அளவீடுகளையும், யாரும் அனுமதி கேட்காமல் பதிவிறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தோம். இணையதளம் அமைப்பது இதில் மிகச் சிறிய பங்கு. எங்களை அறியாத ஒருவர் ஓர் எண்ணைப் பார்த்து, அதை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்று தாமாகவே முடிவெடுக்க வேண்டும். அதற்குத் தேவையானவற்றை எண்ணோடு சேர்த்து எழுதி வைப்பதில்தான் உழைப்பின் பெரும்பகுதி சென்றது. இப்படி ஒரு வேலையில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: வரைபடத்தையும் வண்ணத்தையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள், கோப்பைக் கவனியுங்கள்.

பழைய எக்செல் கோப்புகள்

சேகரித்த கோப்புகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. நெடுவரிசைகளின் தலைப்புகள் எழுதியவருக்கு மட்டுமே புரிந்தவை. சிலர் ஐயத்துக்குரிய அளவீட்டின் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் பூசியிருந்தார்கள். கோப்பைச் சிஎஸ்வி வடிவத்துக்கு, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, மாற்றினால் எண் மட்டும் வரும், நிறம் வராது. 'இதை நம்பாதே' என்று அந்த மாணவர் விட்டுச்சென்ற எச்சரிக்கை அங்கேயே அழிந்துவிடும். அதனால் மாற்றுவதற்கு முன்பு, நிறம், தடித்த எழுத்து, ஓரக் குறிப்பு என்று தோற்றத்தில் ஒளிந்திருந்த ஒவ்வொரு தகவலையும் தனி நெடுவரிசையில் எழுத்தாக்கினோம்.

தேதிகள் மிகவும் படுத்தின. 03/04 என்றால் மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா? நாளை முதலில் எழுதும் பழக்கமுள்ளவர், மாதத்தை முதலில் எதிர்பார்க்கும்படி அமைந்த கணினியில் தட்டச்சு செய்தால், எக்செல் பாதியை மட்டும் மாற்றிவிடும். நாள் 12-க்குள் இருந்தால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் புரிந்துகொண்டு அதைத் தேதியாகச் சேமிக்கும். 12-ஐத் தாண்டினால் புரியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சில வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நின்றால் இதுதான் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் நிற்பவை சரியானவை, வலப்பக்கம் நிற்பவற்றில்தான் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். களக் குறிப்பேடு கிடைத்த கோப்புகளில் ஒவ்வொரு தேதியையும் அதோடு ஒப்பிட்டோம். குறிப்பேடு கிடைக்காதவற்றில், மாதிரி எடுத்த நாட்களுக்கு இடையிலான ஒழுங்கை வைத்து முடிவு செய்தோம். அப்படி ஊகித்தவை அனைத்தும் ஊகம் என்ற குறிப்போடுதான் வெளியாகியிருக்கின்றன.

அடுத்தது பூஜ்யம். பாஸ்பேட் 0 என்று எழுதியிருந்தால் நீரில் பாஸ்பேட் இல்லை என்று பொருளா? பெரும்பாலும் இல்லை. சோதனை முறையால் கண்டறிய முடிந்த மிகக் குறைந்த அளவுக்கும் கீழே இருந்தது என்பதே பொருள். இன்னும் சிலர் அன்று அளக்கவே இல்லை என்பதற்கும் 0 போட்டிருந்தார்கள். வேறு சிலர் −999 போட்டிருந்தார்கள். தெரியாமல் சராசரி எடுப்பவரின் கணக்கை அந்த ஒற்றை எண் குலைத்துவிடும். இவற்றைப் பிரித்தோம். அளக்காத இடம் வெறுமையாக இருக்கும். கண்டறிவு வரம்புக்குக் கீழே இருந்தால் மதிப்பு வெறுமையாகவும், பக்கத்து நெடுவரிசையில் வரம்பின் அளவும் இருக்கும். எண்ணாக எழுதப்பட்ட பூஜ்யம் உண்மையான பூஜ்யத்துக்கு மட்டும்.

நைட்ரேட்டில்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. அதை நைட்ரேட் அயனியாகவும் சொல்லலாம், அதிலுள்ள நைட்ரஜனாக மட்டும் கணக்கிட்டும் சொல்லலாம். அயனியின் எடை 62, நைட்ரஜனின் எடை 14. ஆகவே இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வேறுபாடு. லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்பது 44 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட நைட்ரேட். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு நைட்ரேட்டாக 50 மில்லிகிராம். எந்த வகையில் எழுதப்பட்டது என்று தெரியாமல் ஒப்பிட்டால், வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் மிகவும் பாதுகாப்பானதாகத் தோன்றும், அல்லது நல்ல நீர் நஞ்சாகத் தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் படித்துச் சென்ற மூத்த மாணவி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம்.

"அக்கா, உங்கள் கோப்பில் நைட்ரேட் 2.1 என்று இருக்கிறது. அது நைட்ரஜனாகவா, நைட்ரேட்டாகவா?"

"கருவி காட்டியதை அப்படியே எழுதினேன். எந்தக் கருவி என்று குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், பாருங்கள்."

இருந்தது. கருவியின் பெயரும், பயன்படுத்திய வினைப்பொருளின் எண்ணும் அங்கே எழுதப்பட்டிருந்தன. கையேட்டைத் தேடிப் பார்த்து நைட்ரஜன்தான் என்று உறுதி செய்தோம். அக்கா அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதியிராவிட்டால் அவருடைய ஓராண்டு நைட்ரேட் அளவீடுகள் முழுவதையும் 'அலகு உறுதியில்லை' என்றே வெளியிட்டிருக்க முடியும். ஆய்வு மாணவர்கள் களக் குறிப்பேட்டை எவ்வளவு பாதுகாத்தாலும் தகும்.

கரைந்த ஆக்சிஜனுக்கு நேரம் வேண்டும். கடல்மட்ட அழுத்தத்தில், 25 டிகிரி செல்சியஸில் தூய நீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.6 தான். ஆனால் பாசி நிறைந்த ஏரியில் பிற்பகலில் ஒளிச்சேர்க்கை உச்சத்தில் இருக்கும்போது அளவு இந்த எல்லையையும் தாண்டும். இரவெல்லாம் அதே பாசி சுவாசிப்பதால் விடியலுக்குச் சற்று முன்பு அடிமட்டத்துக்குப் போகும். மீன்கள் சாவது அந்த நேரத்தில்தான். பகல் பதினொரு மணிக்கு எடுத்த அளவை வைத்து 'ஏரியில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட முடியாது. நேரம் எழுதப்படாத அளவீடுகளை நாங்கள் ஒதுக்கவில்லை. நேரம் தெரியாது என்ற குறிப்பும், அதனால் இவற்றை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விளக்கமும் சேர்த்தோம்.

மின்கடத்துதிறனுக்கும் இதே கதைதான். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். அதனால் கருவிகள் 25 டிகிரிக்கு மாற்றிக் காட்டும் வசதியோடு வருகின்றன. அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்ததா இல்லையா என்பது மதிப்புக்குச் சமமான முக்கியத்துவம் கொண்டது.

இந்தத் திருத்தங்களில் எதையும் கையால் செய்யவில்லை. வந்த கோப்பு வந்தபடியே 'மூலம்' என்ற கோப்புறையில் மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் பைத்தான் நிரலில் ஒரு வரி, அதன் பக்கத்தில் காரணம். நாளை யாராவது எங்கள் முடிவு தவறு என்று காட்டினால் அந்த வரியை மட்டும் மாற்றி எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

கூரை நிலையம்

நுண்துகளுக்கு பிஎம்எஸ் 5003 உணரி, வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் பிஎம்இ 280, இவற்றை இயக்க வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகையான ஓர் இஎஸ்பி32. நுண்துகள் உணரி துகளை எடை போடுவதில்லை. சிறிய விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது, லேசர் ஒளி துகள்மீது பட்டுச் சிதறுகிறது, சிதறலை வைத்து உணரி கணக்கிடுகிறது. இதை மறந்துவிட்டால் பின்னால் வரும் ஈரப்பதச் சிக்கல் புரியாது.

இணைப்பில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும், தரவுக் கம்பிகள் 3.3 வோல்ட்டில் இயங்குகின்றன. நொடிக்கு 9600 பிட் வேகத்தில், ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை, 32 பைட் கொண்ட ஒரு பொதி வரும். முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் 66, 77. கடைசி இரண்டு பைட்டுகள், அவற்றுக்கு முந்தைய 30 பைட்டுகளின் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டலைச் சரிபார்க்காமல் எந்தப் பொதியையும் ஏற்கக் கூடாது. கம்பியில் இடையூறு ஏற்பட்டால் வரும் குப்பை எண், பார்ப்பதற்கு நல்ல எண்ணைப் போலவே இருக்கும். உணரியை உறங்க வைத்து எழுப்பினால் முதல் 30 விநாடி அளவுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, விசிறி நிலைபெற அவ்வளவு நேரம் ஆகும்.

வெப்பநிலை உணரியை அதே பெட்டிக்குள் வைக்க வேண்டாம். இஎஸ்பி32 வைஃபை அனுப்பும்போது சூடாகும். அந்தச் சூட்டில் வெப்பநிலை கூடுதலாகவும் ஈரப்பதம் குறைவாகவும் தெரியும். ஈரப்பதம் பிழையானால் அதை நம்பிச் செய்யும் நுண்துகள் திருத்தமும் பிழையாகும். வெண்ணிறத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கிய காற்றோட்டக் கூண்டு ஒன்று செய்து, பெட்டியிலிருந்து தள்ளி அதில் பொருத்தினோம்.

நேரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது பலகைக்கு இது எந்த ஆண்டு என்று தெரியாது. இணையத்திலிருந்து நேரம் வாங்கும்வரை 1970 ஜனவரி 1 என்றே எழுதும். இதைத் தவிர்க்க, நாணய மின்கலத்தில் ஓடும் டிஎஸ் 3231 கடிகாரச் சில்லைச் சேர்த்தோம். அதோடு ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்களைக் கூடுதலாக எழுதுகிறோம்: வரிசை எண், பலகை விழித்து எத்தனை விநாடி ஆயிற்று என்பது. கடிகாரமே கைவிட்டாலும், அதே விழிப்பில் பின்னால் வரும் சரியான நேரம் ஒன்று போதும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு முந்தைய வரிகளுக்கு நேரம் கொடுத்துவிடலாம். எல்லா நேரமும் உலகப் பொது நேரத்தில், ஐஎஸ்ஓ 8601 முறைப்படி, ஆண்டு முதலில் வரும்படி எழுதப்படுகிறது.

இணைய இணைப்பை நம்பி எதையும் வைக்கவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்டி அட்டையில் கோப்பைத் திறந்து, ஒரு வரி சேர்த்து, உடனே மூடிவிடும். இணைப்பு கிடைக்கும்போது மேலே அனுப்பும். எழுதும் நடுவே மின்சாரம் போனால் இழப்பு ஒரு வரியோடு நிற்கும்.

ஏரியில் டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி. மின்சாரம் வந்ததும் அதன் நினைவகத்தில் தொடக்க மதிப்பாக இருப்பது 85 டிகிரி. முழுத் துல்லியத்தில் ஓர் அளவீட்டுக்கு 750 மில்லிவிநாடி வரை ஆகும். அதற்குள் படித்தால் 85 தான் கிடைக்கும். ஏரி நீரில் மிகச் சரியாக 85.0 டிகிரி என்று வந்தால் அது அளவீடே அல்ல என்பதை விளக்கக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம்.

அழிக்காமல் குறியிடுதல்

இப்படிப்பட்ட வரிகளை நீக்கிவிடலாமே என்று குழுவில் கேள்வி எழுந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன். 1985-இல் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் மூவரும் அண்டார்க்டிகாவின் ஹேலி நிலையத்து அளவீடுகளைக் கொண்டு ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதை அறிவித்தார்கள். நிம்பஸ் 7 செயற்கைக்கோளும் அதே குறைவை அளந்திருந்தது. ஆனால் ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில் 180-க்குக் கீழே வந்த மதிப்புகள் ஐயத்துக்குரியவை என்று தானாகவே குறியிடப்பட்டிருந்தன. நல்ல வேளையாக, அவை குறியிடப்பட்டிருந்தனவே தவிர, அழிக்கப்படவில்லை. அதனால்தான் அந்தத் தரவைத் திரும்ப எடுத்து, ஓசோன் துளை கண்டம் முழுவதும் பரவியிருப்பதைக் காட்ட முடிந்தது. ஒருவர் கண்ணுக்குப் பிழையாகத் தெரியும் எண் இன்னொருவருக்குக் கண்டுபிடிப்பாக இருக்கக்கூடும். அதைத் தீர்மானிக்கும் உரிமையைப் படிப்பவரிடமிருந்து பறிக்கக் கூடாது.

புதிதாக ஒரு முறையை உருவாக்காமல், கடல்சார் நிகழ்நேரத் தரவுக்கு வகுக்கப்பட்ட குவார்டாட் தரக் குறிகளை அப்படியே எடுத்துக்கொண்டோம். 1 என்றால் தேறியது, 2 என்றால் சோதிக்கப்படவில்லை, 3 ஐயத்துக்குரியது, 4 தவறானது, 9 இல்லாதது. மதிப்பு நெடுவரிசை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் குறிக்கு ஒரு நெடுவரிசை. சோதனைகள் எளியவை. உணரியால் அளக்க முடியாத எல்லைக்கு வெளியே இருந்தால் 4. மதிப்பு நெடுநேரம் ஒரு புள்ளிகூட மாறாமல் நின்றால் 3, இன்னும் நீண்டால் 4. இரு பக்கத்து மதிப்புகளிலிருந்து திடீரென்று எகிறினால் 3.

அந்த எகிறும் மதிப்புதான் எங்களை யோசிக்க வைத்தது. ஒரு மாலையில் நுண்துகள் அளவு பல மடங்கு உயர்ந்து, சிறிது நேரத்தில் இறங்கியது. நிரல் அதற்கு 3 போட்டது. ஆனால் அன்று மாடியில் இருந்த நண்பன், கட்டடத்துக்குப் பின்னால் குப்பை எரிவதைப் பார்த்து நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதியிருந்தான். அந்த எண் முழு உண்மை. அக்கம்பக்கத்தார் சுவாசித்த புகையின் பதிவு அது. இயந்திரத்தனமாக நீக்கியிருந்தால், இந்த நிலையத்தை வைத்ததற்கான காரணத்தையே நீக்கியிருப்போம். அன்று முதல் 'நிகழ்வுகள்' என்று தனிக் கோப்பு ஒன்று தரவோடு சேர்ந்தே வெளியாகிறது. தொடக்க நேரம், முடிவு நேரம், என்ன நடந்தது, எப்படித் தெரியும். விசிறிக்குள் பூச்சி வலை பின்னியிருந்த நாட்களும், உணரியைத் துடைத்த நேரமும், பக்கத்துச் சுவரை இடித்த வாரமும் அதில் இருக்கின்றன. நிரல் போட்ட குறியை மனிதர் மாற்றினால் அந்த மாற்றமும் காரணத்தோடு அதில் பதிவாகும்.

ஈரப்பதத் திருத்தம்

காற்றில் ஈரம் மிகுந்தால் துகள்கள் நீரை ஈர்த்துப் பருக்கின்றன. பருத்த துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கிறது. உணரி அதை அதிகத் துகள் என்று கணக்கிடுகிறது. விடியற்காலை மூடுபனியில் காற்று உண்மையைவிட மோசமாகத் தெரிவது இதனால்தான்.

இதே வகை உணரியைக் கொண்ட பர்ப்பிள்ஏர் கருவிகளுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு திருத்தச் சமன்பாட்டை வெளியிட்டார்கள். உணரி தரும் மதிப்பை 0.524-ஆல் பெருக்கி, ஒப்பு ஈரப்பதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். எளிமையானது, பெரிதும் பயன்பட்டது. ஆனால் அது அமெரிக்கக் காற்றில், அங்குள்ள துகள்களை வைத்து உருவானது. துகளின் இயல்பு மாறினால் கெழுக்களும், அதாவது சமன்பாட்டிலுள்ள இந்த எண்களும், மாறும். மரம் எரிந்த புகை, சாலைப் புழுதி, கடலுப்பு ஆகியவை ஒளியை ஒரே மாதிரி சிதறடிப்பதில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

அனுமதி பெற்று, எங்கள் உணரியைத் தரச்சான்று பெற்ற கருவி ஒன்றின் அருகே சில வாரங்கள் வைத்து, மணிநேரச் சராசரிகளை ஒப்பிட்டு, எங்கள் சொந்தக் கெழுக்களைக் கணக்கிட்டோம். கோப்பில் இப்போது மூன்றும் இருக்கின்றன: உணரி தந்த மூல மதிப்பு, ஈரப்பதம், திருத்திய மதிப்பு. திருத்தத்துக்கு ஒரு பதிப்பு எண் உண்டு. இதைவிட நல்ல சமன்பாடு யாரிடமாவது இருந்தால் மூல மதிப்பை எடுத்துத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். இதில் ஒரு நுணுக்கம்: பிஎம்எஸ் 5003 ஒரே அளவுக்கு இரண்டு எண்களைத் தருகிறது, ஒன்று தொழிற்சாலைச் சூழலுக்கானது, மற்றது வெளிக்காற்றுக்கானது. துகள் குறைவாக இருக்கும்போது இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு கண்ணில் படாது. அளவு கூடும்போதுதான் பிரியும். மேற்கண்ட அமெரிக்கச் சமன்பாடு முதல் வகைக்கானது. எந்த எண்ணை எடுத்தோம் என்று எழுதாத நுண்துகள் கோப்பு, மாசு மிகுந்த நாட்களில் பயன்படாது. அளவீடு மிகவும் தேவைப்படுவது அந்த நாட்களில்தான்.

நேரலைப் பக்கத்தில் என்ன காட்டுவது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலில் பிஎம் 2.5-க்கு, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளுக்கு, 24 மணிநேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. ஒரு நிமிட அளவை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சிவப்பாகக் காட்டுவது மக்களைத் தவறாக வழிநடத்தும். 24 மணிநேரச் சராசரியை மட்டுமே அதனோடு ஒப்பிட்டுக் காட்டுகிறோம். அதுவும் அந்தக் காலத்தில் குறைந்தது 75 விழுக்காடு அளவீடுகள் இருந்தால் மட்டும். இல்லையென்றால் 'போதிய அளவீடு இல்லை' என்று வரும்.

வெளியே வைத்தது

வெளியீட்டுக்கு எர்டாப் என்ற மென்பொருளை முதலில் பார்த்தோம். அறிவியல் தரவுக்கென்றே உருவானது, கேட்பவர் விரும்பும் வடிவில் வெட்டிக் கொடுக்கும். ஆனால் அதற்கு ஒரு சர்வர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் படிப்பை முடித்துப் போனபின் அந்த யாராவது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத மாணவர் திட்டங்கள் சர்வரோடு சேர்ந்து அணைந்துவிடுகின்றன. எனவே தரவுத்தளம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மாதத்துக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு, ஒருபோதும் மாறாத முகவரி, அவ்வளவுதான். நேரலைப் பக்கமும் அந்தக் கோப்பையே படித்து வரைபடம் போடுகிறது. பக்கம் பழுதானாலும் கோப்பு இருக்கும்.

ஆண்டு முடிவில் முழுத் தொகுப்பையும் உறைய வைத்து ஜெனோடோ களஞ்சியத்தில் வைக்கிறோம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் இலவசக் களஞ்சியம் அது. ஒவ்வொரு பதிப்புக்கும் டிஓஐ எனப்படும் மாறாத அடையாள எண் கிடைக்கும். ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டுபவர் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார் என்பது அதனால் ஐயமின்றித் தெரியும். அளவீடு எடுத்த மூத்த மாணவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும், அவர்கள் சம்மதத்தோடு, ஆக்கியோர் பட்டியலில் சேர்த்தோம். வெயிலில் படகில் உட்கார்ந்து மாதிரி எடுத்தவர்கள் அவர்கள்தான்.

உரிமத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0. பெயரைக் குறிப்பிட்டால் போதும், வணிகம் உட்பட எதற்கும் பயன்படுத்தலாம். வணிகத்துக்குக் கூடாது என்று போடலாமே என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

"சார், அப்படிப் போட்டால் ஒரு செய்தித்தாள்கூட நம் எண்ணை வெளியிடத் தயங்கும்" என்றோம்.

சிறிது யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் எழுப்பிய இன்னொரு கவலை மிகவும் நியாயமானது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே தரவு வெளியானால் வேறொருவர் முந்திக்கொள்ளக்கூடும். அதற்கு வழி இருக்கிறது. நடப்பு ஆய்வின் நீர்ச் சோதனை முடிவுகளுக்குக் காலத்தடை வைத்து, சமர்ப்பிக்கும் நாளில் தானே திறக்கும்படி செய்யலாம். கூரை நிலையத் தரவுக்கு எந்தத் தடையும் இல்லை. சுவாசிக்கும் காற்றின் அளவைத் தாமதப்படுத்த எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இடத்தைச் சொல்வதிலும் அளவு வேண்டும். தனியார் நிலத்தில் உள்ள கிணறு ஒன்றின் நீரும் பழைய கோப்புகளில் இருந்தது. அதன் ஆயத்தொலைவுகளை இரண்டு தசம இடங்களோடு நிறுத்தினோம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் துல்லியம் மட்டுமே இருக்கும். நீர்ப்பறவைக் கூடுகளைப் பற்றிய குறிப்புகளுக்கும் அப்படியே. ஏரியின் மாதிரிப் புள்ளிகளுக்கு முழுத் துல்லியம்.

தெரியாதவர் கையில்

வெளியிடுவதற்கு முன்பு, வேறு துறையைச் சேர்ந்த ஒரு மாணவியிடம் முகவரியை மட்டும் கொடுத்து, 'காலையில் காற்று மிகவும் மோசமாக இருக்கும் மாதம் எது?' என்று கண்டுபிடிக்கச் சொன்னோம். எதையும் விளக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கோப்பைத் திறந்ததும், உலகப் பொது நேரத்தில் ஆறு மணி என்று இருந்த வரிகளை உள்ளூர்க் காலை ஆறு என்று எடுத்துக்கொண்டார். விளக்கக் கோப்பில் அது எழுதப்பட்டிருந்தது. ஆனால் கோப்பைத் திறப்பவர் எல்லோரும் விளக்கத்தை முதலில் படிப்பதில்லை. உள்ளூர் நேரத்துக்குத் தனி நெடுவரிசை சேர்த்து, இரண்டின் தலைப்பிலும் எந்த நேரம் என்று எழுதினோம். அலகையும் தலைப்பிலேயே வைத்தோம். இதைப் போன்ற சோதனை ஒன்றை யாரும் தவிர்க்க வேண்டாம். ஆக்கியவர் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகவே இருக்கும்.

நெடுவரிசை விளக்கத்தைத் தமிழிலும் எழுதினோம். மின்கடத்துதிறன் என்றால் என்ன, அது கூடினால் நீரில் என்ன நடந்திருக்கலாம், எந்த முடிவுக்கு இந்த எண் மட்டும் போதாது என்று ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பத்தி. ஏரிக்கரையில் வாழ்பவருக்கு அந்த எண்ணின்மீது எங்களைவிட அதிக உரிமை இருக்கிறது. தமிழ் எழுத்துகள் எக்செல்லில் சிதையாமல் இருக்க, யுடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் அதற்கான அடையாளக் குறியைச் சேர்க்க வேண்டும். நிரல் எழுதுபவர்களுக்கு அந்தக் குறி இடைஞ்சல் என்பதால், தரவுக் கோப்பின் தலைப்புகளை ஆங்கிலத்தில் விட்டு, விளக்கக் கோப்பில் மட்டும் சேர்த்தோம்.

வெளியான பின்பு வந்த கடிதங்களில் ஒன்று எனக்கு மிகவும் மகிழ்ச்சி அளித்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர், மாணவர்களோடு சேர்ந்து ஏரியின் பழைய மின்கடத்துதிறன் அளவுகளை வரைந்து பார்த்து, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எல்லாப் புள்ளிகளிலும் ஒரே நேரத்தில் படிபோல் ஓர் இறக்கம் இருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஏரி அப்படி மாறியதா, கருவி மாறியதா? குறிப்பேட்டைப் பார்த்தோம். அந்த மாதத்தில் புதுக் கருவி வந்திருக்கிறது, 25 டிகிரிக்கு மாற்றும் வசதியோடு. நிகழ்வுகள் கோப்பில் அது சேர்க்கப்பட்டது, அந்தப் பள்ளியின் பங்களிப்பு என்ற குறிப்போடு. மூல அளவுகளில் நீர் வெப்பநிலை இருந்த வரிகளுக்கு மட்டும் மாற்றிய மதிப்பைத் தனி நெடுவரிசையில் கொடுத்தோம்.

அடுத்த அணிக்குக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். நுண்துகள் உணரியின் லேசருக்கும் விசிறிக்கும் ஆயுள் உண்டு. மாற்றும்போது பழையதும் புதியதும் சில நாட்கள் அருகருகே ஓட வேண்டும், ஒப்பீட்டை வெளியிட வேண்டும். காற்றுத் திசைமானி பொருத்தும் எண்ணமும் இருக்கிறது. திசையைச் சாதாரணமாகச் சராசரி எடுக்கக் கூடாது என்பதைக் கையேட்டில் இப்போதே எழுதிவிட்டோம். 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் நேர் சராசரி 180, அதாவது வடக்கிலிருந்து வரும் காற்று தெற்கிலிருந்து வருவதாகிவிடும். திசையைச் சைன், கோசைன் கூறுகளாகப் பிரித்துத்தான் சேர்க்க வேண்டும். இன்னும் கிடைக்காத பழைய ஆய்வேடுகள் சிலவற்றின் மூலக் கோப்புகளைத் தேடுவது தொடர்கிறது. கிடைப்பவை அடுத்த ஆண்டுப் பதிப்பில் சேரும்.